கிருமி போன பிறகும் வளரும் கூன்

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கப்பட்டு, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம், முதுகெலும்பு டி.பி.க்குக் கத்தி வைத்தே ஆக வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மார்பையோ வயிற்றையோ திறந்து, கெட்டுப்போன எலும்பை வழித்தெடுத்து, வேறு எலும்பை ஒட்டுவைக்கும் பெரிய அறுவை சிகிச்சை, கூடவே ஆறு மாதம் மருந்து. அடுத்த பிரிவினருக்கு அறுவை இல்லை. வீட்டிலிருந்து வந்துபோய் ஆறு மாதம் மருந்து மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு அதே மருந்து ஒன்பது மாதம். பத்தாண்டுக் கணக்கு 1999-ல் வெளியானது. நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 90 சதவீதம், இரண்டாவதில் 94, மூன்றாவதில் 99. நடக்கவே முடியாதபடி கால்கள் செயலிழந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி, நடமாடிக்கொண்டிருக்கும் சாதாரண நோயாளிக்கு மருந்தே போதும் என்பது அதோடு உறுதியானது.

அந்த அறிக்கையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போது 15 வயதுக்குக் குறைந்தவர்களாகவும், முதுகு ஏற்கெனவே 30 பாகைக்கு மேல் வளைந்தவர்களாகவும் இருந்த பிள்ளைகளுக்குக் கூன் கணிசமாகக் கூடியிருந்தது. மருந்து அவர்கள் உடம்பிலும் கிருமியைக் கொன்றிருந்தது. ஆனாலும் முதுகு வளைந்துகொண்டே போயிற்று. மொத்த அறிக்கையிலும் மிக முக்கியமான செய்தி இந்த விதிவிலக்குதான் என்பது என் எண்ணம். முதுகெலும்பு டி.பி.யை எல்லா வயதினருக்கும் பொதுவான ஒரே நோயாகப் பார்க்க முடியாது என்பதை அது காட்டிவிடுகிறது.

கிருமி ஒன்றேதான். பெரும்பாலும் நுரையீரலில் குடியேறி, ரத்தத்தின் வழியாக முதுகுக்கு வருகிறது. முள்ளெலும்புகளுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒவ்வொன்றும் கிளைபிரிந்து மேலெலும்பின் கீழ்ப்பாதிக்கும் கீழெலும்பின் மேற்பாதிக்கும் போகிறது. அதனால் அடுத்தடுத்த இரண்டு எலும்புகள், நடுவில் இருக்கும் டிஸ்க்கின் இரு பக்கமும் சேர்ந்தே அரிக்கப்படுகின்றன. நெஞ்சுப் பகுதியும், நெஞ்சும் இடுப்பும் சேரும் இடமும்தான் அதிகம் மாட்டுகின்றன. எலும்பு, மூட்டு டி.பி.களில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில் வருவதே. எலும்பின் முன்பக்கம் கரைந்து அமுங்க, பின்பக்கம் அப்படியே நிற்க, முதுகில் கூர்மையாக ஒரு முண்டு எழும்புகிறது. 1779-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், வளைந்த முதுகும் வலுவிழந்த கால்களும் சேர்ந்து வருவதை எழுதிவைத்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882-ல் அறிவிக்கும்வரை ஒரு நூற்றாண்டு, நோய்க்குப் பெயர் இருந்தது, காரணம் தெரியாது.

குழந்தையின் முள்ளெலும்பில் பெரும்பகுதி குருத்தெலும்பு. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு உண்டு. ஆகவே குழந்தையிடம் கிருமி டிஸ்க்கிலேயே நேராக இறங்கிவிடலாம். எலும்பும் வேகமாகக் கரையும், ஒன்றிரண்டோடு நிற்காமல் மூன்று நான்கு எலும்புகள் போகும். பெரிய சீழ்க்கட்டிகள் கட்டும். ஆனால் அந்தக் கட்டிகள் தொட்டால் சுடாது, சிவக்காது. இடுப்பு முள்ளெலும்பிலிருந்து சீழ் தசையுறைக்குள்ளேயே இறங்கித் தொடை இடுக்கில் வந்து வீங்கும். வீட்டில் அதை நெறிக்கட்டு என்பார்கள், சிலர் குடலிறக்கம் என்று எண்ணுவார்கள். கழுத்து எலும்பில் வந்தால் தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டி, பால் விழுங்கவும் மூச்சு விடவும் குழந்தை திணறும்.

சின்னக் குழந்தைக்கு இன்ன இடத்தில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. பகலில் விளையாடிய பிள்ளை இரவில் திடீரென்று வீறிட்டு அழும். விழித்திருக்கும்போது முதுகுத் தசைகள் இறுகி, நோயுள்ள இடத்தை அசையாமல் கட்டிவைத்திருக்கின்றன. தூக்கத்தில் அந்த இறுக்கம் தளர்ந்து எலும்பு அசைந்ததும் வலி எழுப்பிவிடுகிறது. இதை உரம் விழுந்தது என்று நினைத்து எடுப்பவரிடம் கொண்டுபோவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் பயந்துகொண்டது என்று மந்திரிப்பார்கள். அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்வார். நல்ல முதுகுள்ள பிள்ளை குனிந்து எடுத்துவிடும். நோயுள்ள பிள்ளை முதுகை நட்டுவைத்த கோலாக வைத்துக்கொண்டு, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி உட்கார்ந்து எடுக்கும், ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு எழும். காசு செலவில்லாத இந்தச் சோதனை சொல்லுவதை, ஆரம்ப மாதங்களில் எக்ஸ்ரே பல நேரம் சொல்லாது. எலும்பின் சுண்ணச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது போன பிறகுதான் படத்தில் குறை தெரியும்.

பிள்ளைக்குக் கூன் விழுந்ததைப் பெரும்பாலான வீடுகளில் ஒரு பழைய விழுதலோடு முடிச்சுப்போட்டுவிடுவார்கள். மாடிப்படியில் உருண்டான், தூளியிலிருந்து விழுந்தான். 1891-ல் சார்டினியத் தீவில் பிறந்த அந்தோனியோ கிராம்சிக்கும் இதேதான் நடந்தது. வேலைக்காரப் பெண்ணின் கையிலிருந்து தவறி விழுந்ததால் முதுகு வளைந்தது என்றே குடும்பம் நம்பியது. வளைவை நிமிர்த்த, ஒரு கச்சையைக் கட்டி உத்தரத்திலிருந்து குழந்தையை மணிக்கணக்கில் தொங்கவிட்டார்கள். அது முதுகெலும்பு டி.பி. என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தது 1933-ல், அவர் முசோலினியின் சிறையில் இருந்தபோது. அதற்கு நான்காண்டுகளில் அவர் இறந்தும் போனார். விழுந்த கதை எல்லாக் குழந்தைக்கும் உண்டு, ஏனென்றால் விழாத குழந்தை இல்லை. கேட்கும் மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் ஆறு மாதம் போய்விடும்.

இப்போது அந்த விதிவிலக்குக்கு வருகிறேன். எலும்பின் முன்பக்க வளர்தட்டு நோயில் அழிந்துபோக, பின்பக்கம் வயதுக்கேற்ப வளர்ந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் ஆண்டு வளர்ச்சியும் முதுகை இன்னும் முன்னே தள்ளும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் இத்தகைய குழந்தைகளை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-ல் எழுதிய கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கூன் கூடவில்லை என்று அதில் காட்டினார். ஏறத்தாழ ஐந்தில் இருவருக்குக் கூடியது. அதைவிடச் சற்று அதிகமானவர்களுக்கு வளர்ச்சியோடு தானாகவே குறைந்தது. மீதிப்பேருக்குப் பெரிய மாற்றமில்லை. கூடியவர்களிலும் சிலருக்கு, நோய் ஆறி மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகள் முதுகு சும்மா இருந்துவிட்டு, பிறகு வளையத் தொடங்கியது. மருந்து முடிந்து, எடை கூடி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை அது. யாரும் திரும்பிப் பார்க்காத காலம்.

எந்தப் பிள்ளை எந்த வழியில் போகும் என்பதை முன்கூட்டியே சாதாரண எக்ஸ்ரேயில் கண்டுகொள்ள அவர் நான்கு அடையாளங்களைச் சொன்னார்: பின்பக்க மூட்டு பிரிந்து விலகுவது, எலும்புத்துண்டு பின்னோக்கித் தள்ளப்படுவது, ஒன்று பக்கவாட்டில் நகர்வது, மேலெலும்பு கவிழ்ந்து கீழெலும்பின்மேல் சாய்வது. இவற்றில் இரண்டுக்கு மேல் தெரிந்தால் காத்திருக்கக்கூடாது. அதற்கும் முன்பே, 1987-ல், அவரும் சென்னையின் டி.கே. சண்முகசுந்தரமும் ஒரு சின்னக் கணக்கு கொடுத்திருந்தார்கள். அழிந்துபோன எலும்பின் அளவை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்டினால், கடைசியில் நிற்கப்போகும் கூனின் கோணம் கிடைக்கும். ஒரு முழு முள்ளெலும்பு போயிருந்தால் 36 பாகை. இரண்டு போயிருந்தால் 66 பாகைக்கு மேல். பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. 60 பாகையைத் தாண்டிய கூன் ஆபத்தானது. நெஞ்சுக்கூடு ஒடுங்கி மூச்சு குறையும். தண்டுவடம் ஆண்டுக்கணக்கில் அந்த வளைவின்மேல் இழுபட்டு, கிருமியெல்லாம் ஒழிந்த எத்தனையோ வருடம் கழித்துக் கால் விழுந்துவிடும். அப்போது செய்யும் அறுவை சிகிச்சை சிறுவயதில் செய்வதைவிடப் பன்மடங்கு கடினமானது, பலன் குறைந்தது.

நமது தேசியக் காசநோய்த் திட்டத்தில் மருந்து முடிந்தவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அது போதும். ஐந்து வயதில் நோய் வந்த பிள்ளையின் முதுகுக்கு அது போதாது. வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுக்கொருமுறை ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே வேண்டும், எடுக்கச் சொல்ல ஓர் எலும்பு மருத்துவர் வேண்டும். இதைத் திட்டத்தின் குறை என்றுகூடச் சொல்லமாட்டேன். தொற்றை ஒழிக்கக் கட்டப்பட்ட அமைப்பு அது, எலும்பை வளர்க்கக் கட்டப்பட்டதல்ல.

வாலிபத்திலும் நடுவயதிலும் எலும்பு கெட்டிப்பட்டிருக்கிறது; அழிவு குறைவு, கூன் சிறியது. இங்கே பயம் நரம்பைப் பற்றியது. பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் கால் விழுவது அதிகம். ஆனாலும் அது ஒரே நாளில் நடப்பதில்லை. சீழும் சதையும் தண்டுவடத்தை மெல்ல மெல்ல அழுத்துகின்றன. மெல்ல அழுந்துவதைத் தண்டுவடம் ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கும். பாதிக்கும் மேல் வழி அடைபட்டும் நடந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. முதலில் வருவது பலவீனம் அல்ல, தடுமாற்றம். “நடக்கையிலே செருப்பு தன்னாலே கழண்டுக்குதுங்க” என்று நோயாளியே சொல்வார். முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளும். பாதத்தை மேலே தள்ளிப் பிடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். கால் இன்னும் வலுவாகத்தான் இருக்கும். இந்த நிலையில் பிடித்துவிட்டால் பெரும்பாலானோர் மருந்திலேயே தேறுவார்கள். காலே அசையாமல் போய், சிறுநீரும் அடைபட்ட பிறகு வந்தால் கதை வேறு.

காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு என்று டி.பி.க்கு நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் அடையாளங்கள், முதுகெலும்பு டி.பி.யில் பாதிப்பேருக்குக்கூட இருப்பதில்லை. இருமல் இராது, மார்பு எக்ஸ்ரேயும் பல நேரம் சுத்தமாக இருக்கும். முதுகில் மட்டும் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றுவதும் இல்லை, இது தெரியாமல் தட்டும் டம்ளரும் பிரித்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மிஞ்சுவது முதுகுவலி ஒன்றுதான். முதுகுவலி யாருக்கு இல்லை? பாரம் தூக்குபவருக்கு வேலையால், பைக் ஓட்டுபவருக்குப் பள்ளத்தால், கம்ப்யூட்டர் முன் உட்காருபவருக்கு நாற்காலியால். பிள்ளை பெற்ற பெண்களின் வலி இன்னும் எளிதாகத் தள்ளுபடியாகிறது. “சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுதான்” என்று அவர்களுக்கும் சுற்றியுள்ளவர்களுக்கும் பதில் தயாராக இருக்கிறது. பேறுகாலத்தை அடுத்த மாதங்களில் காசநோய் தலைதூக்குவது கூடுதல் என்பது தெரிந்த செய்தி. படுத்து ஓய்வெடுத்தாலும் குறையாத, இரவில் கூடும், ஆறு வாரத்துக்கு மேல் நிற்கும் முதுகுவலிக்கு ஊசியைக் குற்றம் சொல்லிவிட்டுப் போகக்கூடாது.

அறுபதைத் தாண்டியவர்களிடம் நோய் கண்டுபிடிப்பதே பாதிப் போர். சிறுவயதில் உள்ளே புகுந்து அடங்கிக் கிடந்த கிருமி, உடம்பின் காவல் தளரும்போது எழுந்துகொள்கிறது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவாதத்துக்குத் தின்ற ஸ்டீராய்டு எல்லாம் அதற்கு உதவி. படத்தில் அமுங்கிய முள்ளெலும்பு தெரிந்தால் முதல் எண்ணம் எலும்புத் தேய்மானம், சுண்ணச்சத்துக் குறைவால் நொறுங்கியது. அடுத்த எண்ணம் புற்றுநோய். ஆண் என்றால் புராஸ்டேட், பெண் என்றால் மார்பகம், யாராக இருந்தாலும் மைலோமா. இந்தச் சந்தேகங்கள் தவறல்ல, அந்த வயதில் அவையும் நிஜமாகவே வருகின்றன. எம்.ஆர்.ஐ. கொஞ்சம் கைகொடுக்கும். டிஸ்க்கின் இருபுறமும் எலும்பு கெட்டு, எலும்பையொட்டி மெல்லிய சுவருள்ள சீழ் நீண்டு இறங்கியிருந்தால் டி.பி. பக்கம் சாயலாம். டிஸ்க் அப்படியே இருக்க, எலும்பின் பின்காம்பு அரிக்கப்பட்டிருந்தால் புற்றுநோய்ப் பக்கம். முதுகு முழுவதையும் படமெடுப்பது நல்லது, வலிக்காத வேறோர் இடத்திலும் நோய் உட்கார்ந்திருக்கக்கூடும்.

முதியவருக்கு இன்னொரு சங்கடம், வழியில் கிடைத்த மாத்திரை. சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ கொடுத்த லீவோஃப்ளாக்சசின் டி.பி. கிருமியையும் ஓரளவு அடிக்கும். வலி கொஞ்சம் குறையும், கல்ச்சரில் கிருமி வளராது, நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

ரத்தப் பரிசோதனைகளும் வயதுக்கு வயது வேறு மொழி பேசுகின்றன. ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். பெரும்பாலான நோயாளிகளுக்குக் கூடியிருக்கும். ஆனால் அது வயதோடும் ஏறும். பொதுவான கணக்குப்படி ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி வரை இயல்பு. எழுபது வயது அம்மாவுக்கு 40 வரை ஒன்றுமில்லை. அதே 40 ஏழு வயதுப் பிள்ளைக்கு வந்தால் தேட வேண்டும். ரத்தசோகையே அதை ஏற்றிவிடும், மைலோமாவில் 100-ஐத் தாண்டும். வெள்ளணுக்கள் டி.பி.யில் பல நேரம் இயல்பாகவே இருக்கும். அவையும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஒருசேர எகிறியிருந்தால் சாதாரணச் சீழ்க்கிருமியை நினைக்க வேண்டும். ஆடு மாடு வளர்ப்பவர், காய்ச்சாத பால் குடிப்பவர் என்றால் புரூசெல்லாவையும் பார்த்துவிட வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின் ஈ.எஸ்.ஆர். இறங்கிவருகிறதா என்று பார்ப்பதில்தான் அதற்கு உண்மையான பயன், நோயைப் பெயர் சொல்லிக் காட்டுவதில் அல்ல.

கையில் ஊசிபோட்டு வீக்கத்தை அளக்கும் மாண்டூ சோதனை, எப்போதாவது கிருமி உள்ளே புகுந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். சிறு பிள்ளைக்குப் பெரிதாக வீங்கினால் அதற்குப் பொருள் உண்டு. நம் நாட்டு நடுவயதினரில் பலருக்கு நோயே இல்லாமலும் வீங்கும். முதியவருக்கோ, சத்துக்குறைந்தவருக்கோ, எச்.ஐ.வி. உள்ளவருக்கோ நோய் இருந்தும் வீங்காது. டி.பி.க்கென்று ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்த்த சோதனைகளை 2012-ல் இந்திய அரசு தடைசெய்தது. அவை தவறான முடிவு தந்ததால் எத்தனை பேர் வீணாக மருந்து தின்றார்கள், எத்தனை பேர் தின்ன வேண்டியிருந்தும் தின்னாமல் விட்டார்கள் என்று கணக்கெடுக்க வழியில்லை.

ஆகவே எந்த வயதிலும் கடைசி வார்த்தை, நோயுள்ள இடத்திலிருந்து எடுத்த துண்டுக்கே. ஆனால் எலும்பில் கிருமிகள் மிகச் சொற்பம். நுண்ணோக்கியில் ஒரு கிருமி கண்ணில் பட, ஒரு மில்லிலிட்டரில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்க வேண்டும். ஆய்வகப் பணியாளர் நூறு புலங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினால், இல்லவே இல்லை என்று பொருளாகாது. கல்ச்சருக்கு நூறுக்குள் இருந்தாலே போதும், ஆனால் முட்டை ஊடகத்தில் வளர ஆறு எட்டு வாரம், திரவ ஊடகத்தில் அதைவிடக் குறைவு. கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பர்ட் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றது. இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். 2017-ல் வந்த அதன் ‘அல்ட்ரா’ வடிவம் இன்னும் நுட்பமானது. முதுகெலும்பு நோயில் இதுவே பெரிய திருப்பம். என்றாலும் அதிலும் ‘இல்லை’ வந்தால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நோயெதிர்ப்பு அணுக்களின் திரள்களும் பாலாடைக்கட்டிபோல் சிதைந்த சதையும் பயாப்சியில் தெரிந்தால் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தியாவின் 2016 வழிகாட்டி முதுகெலும்புக்கு 12 மாதம் மருந்து சொல்கிறது, தேவைப்பட்டால் 18 வரை. சேத்துப்பட்டு ஆய்வின் ஒன்பது மாதத்தை வைத்துப் பார்க்கும்போது இது கொஞ்சம் தாராளம்தான். எலும்பு ஆறிவிட்டதா என்று உறுதியாகக் காட்டும் சோதனை இல்லாததால் மருத்துவர்கள் நீட்டுகிறார்கள். பிள்ளைகள் இந்த மருந்துகளை நன்றாகத் தாங்குவார்கள். முதியவருக்குக் கல்லீரலைக் கவனிக்க வேண்டும், எத்தாம்புட்டால் கண்ணை மங்கவைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் மாத்திரைகளே வேறு, காலமும் வேறு. அதைத் தெரிந்துகொள்ள உயிரோடோ, குறைந்தது மரபணு சிதையாமலோ கிருமி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அது போய்ச் சேராமல் போவது பெரும்பாலும் ஒரு குப்பியால். புற்றுநோயாக இருக்கும் என்று எண்ணி எழுபது வயதுக்காரரின் முள்ளெலும்பில் ஊசி இறக்கித் துண்டெடுக்கிறார்கள்; வழக்கப்படி அதை ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போடுகிறார்கள். சதையின் அமைப்பைப் பார்க்க அது சரி, ஆனால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பத்து நாள் கழித்து ‘டி.பி. போல் தெரிகிறது’ என்று அறிக்கை வருகிறது. கல்ச்சர் வைக்க மிச்சத் துண்டு இல்லை, மறுபடி ஊசி குத்திக்கொள்ள முதியவர் சம்மதிப்பதில்லை, மருந்துக்கு அடங்கும் கிருமிதானா என்று தெரியாமலே மாத்திரை தொடங்குகிறது. பக்கத்திலேயே இன்னொரு குப்பியில் வெறும் உப்புநீர் ஊற்றி, துண்டில் பாதியை அதில் போட்டு அன்றே அனுப்பியிருந்தால் போதும். எந்த வயது நோயாளியானாலும், ஊசி உள்ளே போகும் முன்பே இரண்டு குப்பிகளும் மேசையில் இருக்க வேண்டும்.